இஸ்திரிக் கரியில் சுட்ட சல்சா

வெள்ளானூரில் ஷாரன் அரைத்த சட்னியைத் தவிர வேறு சட்னியை நான் தொட்டு ஏழு வருஷம் ஆகிறது. புது அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே என் இஸ்திரி வண்டி. அதை ஒட்டி அவளுடைய இட்லி வண்டி. அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டுகளைப் பாக்கெட் போடுகிற கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நின்றபடி வேலை பார்த்தவள். கம்பெனியை மூடினார்கள். மறுவாரமே கிரைண்டர் வாங்கிவிட்டாள். புருஷன் ஜெயபால் லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தால் பெரிசு. அவன் வந்து யோசனை சொல்லட்டும் என்று எதற்கும் அவள் காத்திருந்ததில்லை.

போன மார்ச் மாதம் ரோட்டை அகலமாக்க அளந்துவிட்டுப் போனார்கள். சிவப்பு பெயிண்டில் போட்ட கோடு ஷாரன் வண்டிக்கு நடுவில் ஓடியது. ஈஸ்டர் முடிந்தால் அந்த வண்டி அங்கே நிற்க முடியாது. என் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம், தப்பித்தது.

குடியிருப்புக்குள் கிளப் ஹவுஸ் பக்கத்தில் ஒரு சின்ன ரூம் காலியாகக் கிடந்தது. சாயங்கால டிபன் கடை போட யாருக்காவது வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு. ஷாரன் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அசோசியேஷன் செக்ரட்டரி ரேகா மேடத்தைப் போய்ப் பார்த்தாள்.

"இங்க பசங்க இட்லிய எல்லாம் தொடமாட்டாங்க ஷாரன். ஆவடியில ஒருத்தர் சாண்ட்விச் போடறேன்னு கேட்டிருக்காரு. பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவளா ஷாரன்? திரும்பி வந்து அன்றைக்கு நாலு பாத்திரத்தைச் சத்தம் வரத் தேய்த்தாள்.

அந்த வாரம்தான் சரவணக்குமார் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இட்லி வாங்க வந்தார். ஈரோட்டுக்காரர், ஐ.டி. வேலை. மூன்று வருஷம் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர்.

"சனிக்கிழமை எங்க ரோஷினிக்குப் பொறந்தநாளுங்க அக்கா. என்ன கண்ணு வேணும்னா சல்சாங்கறா. போன்ல தேடுனா இந்த ஏரியாவுக்கு டெலிவரி இல்லைன்னு வருது. அம்பத்தூர் வரைக்கும் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தனுங்க. ஜாம் மாதிரி இனிக்குது."

"சல்சான்னா இன்னா சார்?"

"தக்காளிச் சட்னி மாதிரிங்க. ஆனா சட்னி இல்லைங்க."

ஷாரன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தினி பேரு வராங்கோ?"

"அறுபது பேருங்க. அசோசியேஷன் ஆளுங்க பூராவும்."

"ரேகா மேடமும் வருதா?"

"அவங்க இல்லாமயா?"

"நான் செஞ்சு தரேன் சார். அந்த பாட்டில தூக்கிக் கடாசு."

அவர் போனதும் நான் சொன்னேன்: "சல்சா கறுப்பா செவப்பான்னே உனுக்குத் தெரியாது மே."

"தக்காளி தெரியும், மொளகா தெரியும். வேற இன்னா தெரியணும்?"

ஒரு சிக்கல் இருந்தது. அது லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அவள் உபவாசம். உப்பு பார்க்கக்கூட நாக்கில் வைக்கமாட்டாள். இட்லிச் சட்னி என்றால் மூக்காலேயே முடித்துவிடுவாள், கைப்பழக்கம். இது புதுச் சரக்கு. அதனால் ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

புதன்கிழமை முதல் தடவை. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம், உப்பு என்று சார் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். "தாளிக்கச் சொல்லி எழுத மறந்துட்டாரு, பாவம்" என்றாள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, தக்காளியைச் சுருள வதக்கிக் கொடுத்தாள். நான் சாப்பிட்டுப் பார்த்து, "அம்சமா கீது" என்றேன். நாலு இட்லி கூடவே இறங்கியது.

பத்து வயசு ரோஷினி கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "செம தொக்கு ஆன்ட்டி. தோசைக்கு வெச்சுக்கறேன். சல்சா எங்க?"

ஷாரன் என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா சொன்னே? அம்சமா கீதுன்னு சொன்னியே!"

"அம்சமாத்தானே மே இருந்துச்சு!"

"உன் நாக்க வெச்சிகினு நான் இன்னாத்த பண்றது அண்ணாத்தே? நான் எத போட்டாலும் நல்லாகீதுன்னு துன்னுட்டுப் போயிடுவே."

வியாழக்கிழமை தாளிப்பை விட்டாள், வதக்குவதையும் விட்டாள். நாட்டுத் தக்காளியைப் பச்சையாக நறுக்கி உப்புப் போட்டு வைத்தாள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டு ரசம் மாதிரி ஆகிவிட்டது. ரோஷினி ஸ்பூனைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தாள்.

"கிட்ட வந்துட்டீங்க ஆன்ட்டி. ஆனா அங்க தக்காளிய நெருப்புல கருக்குவாங்க. புகை வாசனை வரும்."

கேஸ் அடுப்பில் சுட்டால் கேஸ் வாசனைதான் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. நாளைக்குப் பிறந்தநாள். நான் இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தேன். தணல் கனகனவென்று சிவந்து நின்றது. அவள் அதையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

"அண்ணாத்தே, அத்த தட்டுல கொட்டு!"

"முப்பது சட்டை கீது மே, எல்லாம் இன்னிக்கே தரணும்!"

"சட்டைங்க எங்க ஓடிடும்? கொட்டு!"

கொட்டினேன். சப்பாத்தி சுடுகிற கம்பி வலையைத் தணல் மேல் வைத்து, கெட்டியான பெங்களூர் தக்காளிகளை அடுக்கினாள். பக்கத்தில் பச்சை மிளகாய், தோலோடு பூண்டு. தோல் கறுத்து வெடித்தது. ஒரு தக்காளி பட்டென்று தெறித்து ரேகா மேடம் வீட்டு வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அதை அப்புறம் நானே சோப்புப் போட்டுத் துவைத்தேன், அது வேறு கதை. ஆனால் வாசனை! கேட்டில் இருந்த வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டி வந்து நின்றுவிட்டான்.

பாதித் தோலை உரித்து, தண்ணீரை வடித்து, மிக்சி பக்கமே போகாமல் கையால் நசுக்கினாள். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் அலசிச் சேர்த்தாள். கொத்தமல்லியைக் காம்போடு போட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். உப்பு மட்டும் பரிமாறுகிற நேரத்துக்கு என்று தள்ளிவைத்தாள், எனக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து அதில் போட்டாள். எல்லாம் முடிந்து பார்த்தால் அவள் கை தானாகப் போய்த் தாளிப்புக் கரண்டியை எடுக்கிறது! பாய்ந்து பிடுங்கித் துணி மூட்டைக்கு அடியில் சொருகினேன்.

"குடு அண்ணாத்தே. ஒரே ஒரு கடுகு. கை அரிக்குது."

"போட்டியானா ரூமு போச்சு மே!"

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். சுள்ளென்று புளிப்பு, அதற்குப் பின்னால் புகை, கடைசியில் காரம் மெல்ல ஏறிக் காது வரை போனது. இட்லிக்கு ஒத்துவராது, சோற்றுக்கும் ஒத்துவராது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"உன் சட்னி மாதிரியே இல்ல ஷாரனு."

அவள் கூவினாள் பாருங்கள், வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனான். "அப்போ இதான்! இதான் அண்ணாத்தே!"

சனிக்கிழமை காலையில் மறுபடி தணல் போட்டு அறுபது பேருக்குச் சுட்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு கிளப் ஹவுஸ் நிறைய ஆள். பெரிய கிண்ணத்தில் உப்பைக் கலந்து, சுற்றிலும் சோளச் சிப்ஸைக் கொட்டினாள். ரோஷினி ஓடிவந்து முதல் சிப்ஸை முக்கி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். ஷாரன் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"அப்பா! இதான்ப்பா! அதே டேஸ்ட்!"

அவ்வளவுதான். பசங்கள் மொய்த்துவிட்டார்கள். சரவணக்குமார் சார் ஒரு கையில் கேக்கும் ஒரு கையில் சிப்ஸுமாக நின்று, கேக்கை மறந்துவிட்டார். ரேகா மேடம், "எனக்குக் காரம் ஆகாது" என்று ஒரே ஒரு சிப்ஸ் எடுத்தார். அப்புறம் ஒன்று. அப்புறம் ஸ்பூன் எங்கே என்று கேட்டார். கேக்கை வெட்டி அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடி தெரிந்தது.

"இதை வாரத்துல எத்தனை நாள் செய்ய முடியும் ஷாரன்?"

"நீங்க எத்தினி நாள் ரூமு கதவத் தொறந்து வெப்பீங்களோ அத்தினி நாள் மேடம். ஆனா இட்லியும் போடுவேன்."

ரேகா மேடம் சிரித்துவிட்டார். "போடுங்க. அந்த சாண்ட்விச்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். திங்கட்கிழமை வந்து சாவி வாங்கிக்குங்க."

"சாவி இப்போ உங்க கைப்பையில கீதா மேடம்?"

இருந்தது. பாட்டும் பலூனும் ஒரு பக்கம் நடக்க, ஷாரன் கதவைத் திறந்து உள்ளே போய் இரண்டு கையையும் விரித்து அளக்க ஆரம்பித்தாள். இங்கே கிரைண்டர், இங்கே இட்லிப் பானை, ஜன்னல் ஓரம் கரி அடுப்பு. நடுவில் கால் உடைந்த டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று தூசியோடு கிடந்தது. அதன் ஒரு முனையைத் தூக்கிவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே நின்னுகினு கீறே? அந்தாண்ட புடி!"

பிடித்தேன்.