குப்புறப் படுத்து எடுத்த படங்கள்

ஏலப்பூவைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் குப்புறத்தான் படுக்க வேண்டும். செடி ஆள் உயரத்துக்கு மேல், சோளத்தட்டை மாதிரி தட்டை தட்டையாக வளர்ந்து நிற்கும். பூவோ அதன் காலடியில், மண்ணோடு ஒட்டி ஓடுகிற சரத்தில் பூக்கும். வெள்ளையில் ஊதாக் கோடு போட்ட சின்னப் பூ. குப்புறப் படுத்தவனுக்கு முதுகுப் பக்கம் வருகிற ஆள் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு ஆள் கத்தியோடு நிற்க வேண்டியிருந்தது. நின்றவள் நான்தான். என் இடது கையில் சுண்டுவிரல் இல்லாததற்கு அதுதான் காரணம். அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டதாகச் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அதைத் திருத்துவதற்காகவே எழுத்துக்கூட்டியாவது இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

எழுபதுகளின் கடைசி அது. போடிமெட்டுக்கு அப்பால் சரிவில் எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காடு இருந்தது. மாமனார் கண்மூடிய பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாய்ப்பேச்சிலேயே பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு. ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதி எங்களுக்கு. கீழ்ப்பாதியில்தான் கோடையிலும் ஈரம் நிற்கும். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய என் வீட்டுக்காரர் விழுந்து செத்துப்போனார். கருமாதிச் சோறு செரிக்கும் முன்னே மூத்தார் வந்து நின்றார். பொம்பளை ஒருத்தி மலையில் கிடந்து காடு பார்க்க முடியாது, விட்டுவிடு என்றார். விடமாட்டேன் என்றேன்.

முதலில் என் நாயை வெட்டினார்கள். கழுத்து பாதி அறுந்து, குடிசை வாசலில் சாகவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. நானே கல்லை எடுத்து முடித்துவைத்தேன். பிறகு நான் போடிக்கு அரிசி வாங்கப் போயிருந்த அன்று குடிசை எரிந்தது. எரிந்த இடத்திலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு களை வெட்டினேன். யார் செய்தது என்று எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடித்துக் காட்ட ஆள் இல்லை.

கடைசியில் பேச்சு பங்காளிப் பெரியவர்களிடம் போனது. போடியில் ஒரு கமிஷன் கடையில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். என் பாதியில் செடியே இல்லை, எல்லாம் அழிந்து காடு மண்டிவிட்டது, பாழாகப் போவதை நான் எடுத்து நடுகிறேன் என்று மூத்தார் சொன்னார். களை வெட்டிப் பார்த்த செடி என்றால் கோடை மழைக்கு இந்நேரம் பூத்திருக்குமே என்றார் ஒரு பெரியவர். நேரில் வந்து பாருங்கள் என்றேன். மலையேற அவர்களுக்கு முழங்கால் இல்லை.

"அப்பக் காட்டைக் கீழே கொண்டாந்து காட்டுறேன்" என்றேன்.

மூத்தார் சிரித்தார். "மடியில கட்டிக் கொண்டாருவியாத்தா?"

வருகிற வெள்ளிக்கிழமை கூடுவது என்று முடிவானது. நான் அங்கிருந்து நேரே போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஸ்டுடியோக்காரர் என்னைவிட மூத்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கல்யாணத்தையும் பிணத்தையும் எடுத்துப் பழகிய மனிதர். செடியை எடுக்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரச் சொன்னா உக்காராது, சிரிக்கச் சொன்னா சிரிக்காது. அதைப் போயி என்னத்த ஆத்தா எடுக்க?" என்றார். ஆனால் மறுநாள் வந்தார். ஏலக்காய் ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதன் பூவைப் பார்த்ததில்லை என்று ஜீப்பில் போகும்போது சொன்னார். போடியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். காயை மோந்தே தரம் சொல்வார்கள், பூவைக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஜீப்பை விட்டு இறங்கி, சரிவில் ஏறி நடந்து என் காட்டுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். வெயில் அடித்தது. ஏலக்காட்டுக்குள் வெயில் அடிக்கக் கூடாது. தலைக்கு மேல் நின்றிருக்க வேண்டிய பச்சையெல்லாம் இடுப்புக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. தட்டைகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்டுவாயில் நீர் இன்னும் காயவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் பேச்சும் பீடி வாடையும் வந்தன. பாதி வெட்டிவிட்டு இளைப்பாறப் போயிருக்கிறார்கள்.

"வெட்டிப்புட்டானுகளே ஆத்தா" என்று ஸ்டுடியோக்காரர் காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திரும்பிவிடலாம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாய்ந்து கிடந்த தட்டைகளை ஒரு அணைப்பு அள்ளி வீசினேன். அப்போதுதான் பார்த்தேன். அடியில் சரம் அப்படியே இருந்தது. ஒரு பூக்கூட உதிரவில்லை. வெட்டியவர்கள் கீழே சோளக்காட்டில் அறுத்துப் பழகியவர்கள். பயிர் என்றால் பலன் தலையில் இருக்கும் என்று நினைத்து முழங்கால் உயரத்தில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே பூ கிடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

"படுங்கண்ணே" என்றேன்.

அவர் படுத்தார். நான் வாக்கத்தியின் நுனியால் இலைகளை விலக்கிப் பிடித்தேன். வாக்கத்தி என்பது மலையில் களை வெட்டுகிற வளைந்த கத்தி, அது இல்லாமல் நான் அங்கே ஒரு நாளும் நடந்ததில்லை. ஒவ்வொரு செடியின் மூட்டுக்கும் பிளாஷ் மின்னியது. வெட்டுப்பட்ட கட்டையும் அடியில் பூத்த பூவும் சேர்ந்து விழும்படி எடுங்கள் என்றேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ஓடையைத் தாண்டி ஓடிவந்தார்கள்.

நாலு பேர். ஒருவன் வந்த வேகத்தில் ஸ்டுடியோக்காரரின் விலாவில் உதைத்தான். அவர் காமிராவை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொண்டார். காமிராவைக் கொடுடா என்று முதுகிலும் தலையிலும் மிதித்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. அவர் அலறினாரே தவிர விடவில்லை.

நான் கத்தவில்லை. உதைத்தவன் மறுபடி காலைத் தூக்கியபோது வாக்கத்தியால் தொடையில் ஒரு போடு போட்டேன். எலும்பில் பட்டது கைக்குத் தெரிந்தது. அவன் உட்கார்ந்தான். இன்னொருவன் அருவாளை என் தலைக்கு ஓங்கினான். இடது கையால் தடுத்தேன். விரல் போனது அப்போது வலிக்கவில்லை, சூடாக மட்டும் இருந்தது. அவன் அடுத்து ஓங்குவதற்குள் கத்தியின் பிடியால் அவன் வாயில் குத்தினேன். பல்லோடு ரத்தம் துப்பினான்.

உட்கார்ந்தவன் தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டதைப் பார்த்ததும் மற்றவர்கள் மிரண்டுவிட்டார்கள். எதற்கு வந்தோம் என்பதை மறந்து அவனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். ஒருவன் மட்டும் திரும்பி, "பொம்பளையா நீ?" என்றான். அவனுக்கே தெரியும்.

முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றினேன். ஸ்டுடியோக்காரர் எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா என்றார். "ஓடைப் பக்கம் இன்னும் பூ இருக்கண்ணே, பிலிமு முடியட்டும்" என்றேன். உடைந்த கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை படங்களை ஏலக்காய் மூட்டையின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். கையில் பெரிய கட்டு. யார் வெட்டினார்கள், யார் அடித்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் படமெடுத்த அன்றைக்குப் பகல் முழுவதும் போடியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்ததாக மூத்தார் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

கறுப்பு வெள்ளைப் படங்கள். வெட்டுப்பட்ட கட்டைகளுக்கு அடியில் பூச்சரம் விரிந்து கிடந்தது. ஒரு படத்தில் பூவின் மேல் கறுப்பாக ஒரு பொட்டு, அது என் ரத்தம். பெரியவர்கள் கண்ணருகே வைத்துப் பார்த்தார்கள். மூத்தாரும் எட்டிப் பார்த்தார். அவர் பிறவியிலேயே ஏலக்காட்டு ஆள். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆத்திரம் வாயை முந்திக்கொண்டது.

"அடியோட வெட்டுங்கடான்னு சொன்னா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூத்த பெரியவர் படத்தைக் கீழே வைத்தார். "யாருகிட்ட சொன்னே, அப்பு?"

மூத்தார் பாய்ந்து படங்களை அள்ளினார். கிழிக்கப் போனவரின் மணிக்கட்டை நான் பிடித்தேன். அதுவரை அவர் முன்னால் நான் நேராக நின்று பேசியதில்லை. மறு கையை என் முகத்துக்கு ஓங்கினார். நான் நகரவில்லை.

"அடிங்க மாமா. இன்னும் ஒம்பது விரல் இருக்கு" என்றேன்.

கை இறங்கிவிட்டது. கீழ்ப்பாதி என்னுடையது என்று அன்றே எழுதிக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், எழுத்து கோணாமல்.

அந்த வருடம் காய் இல்லை. வெயிலில் சரமெல்லாம் கருகிவிட்டது. மழை பிடித்த பிறகு கிழங்கிலிருந்து புதுத் தட்டை கிளம்பியது. தொடையில் வெட்டுப்பட்டவன் மரத்திலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னானாம். நானும் என் விரலைப் பற்றி அங்கே அதிகம் பேசவில்லை.

ஸ்டுடியோக்காரருக்கு விலா சேர நாளாயிற்று. சேர்ந்ததும் ஒரு காரியம் செய்தார். அந்தக் கறுப்புப் பொட்டு விழுந்த படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடி அலமாரியில் மணப்பெண்களுக்கும் மொட்டை போட்ட குழந்தைகளுக்கும் நடுவில் வைத்துவிட்டார். இது என்ன பூ, யார் எடுத்தது, இந்தப் பொட்டு என்ன என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். எண்பதுகளில் அந்தக் கடை மூடுகிற வரைக்கும் படம் அங்கேதான் இருந்தது. கமிஷன் கடைக்குப் போக மூத்தாருக்கு அதைத் தாண்டாமல் வேறு தெரு கிடையாது.