brb போட்டுவிட்டுப் போன பாலிங் பையன்

ஏர்கான் குளிர், அதற்குள் கப் மீ நூடுல்ஸ் வாசம்... இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சுங்கைப் பட்டாணி டவுனில் மாடியில் இருந்த அந்த சைபர் கஃபேதான் ஞாபகத்துக்கு வரும்.

எஸ்.பி.எம். பரீட்சை முடித்து ஃபேக்டரியில் சேர்ந்த புதிது. எங்கள் வீடு திகாம் பத்து பக்கம், ரப்பர்த் தோட்டத்தில். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. வீட்டுக்குப் போகும் பஸ் வரும்வரை நானும் என் தோழி மலரும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அந்த மாடிப்படியில் ஏறிவிடுவோம்.

சாட் ரூமில் தனி பாஷை. முதல் நாள் யாரோ asl என்று கேட்டான். வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்கிறான். எனக்கென்ன தெரியும்? நலம் விசாரிக்கிறான் போல என்று நினைத்து "நல்லா இருக்கேன்" என்று போட்டேன். மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் வெறி பிடித்த மாதிரி கற்றுக்கொண்டோம். brb என்றால் இதோ வந்துடுறேன். gtg என்றால் நேரமாச்சு, நான் போகணும்.

திங்கட்கிழமை ஃபேக்டரி லைனில் நிற்கும்போது பேச்சிலும் அதை எடுத்துவிட ஆரம்பித்தோம். டாய்லெட் போகும்போது மலர் "பி.ஆர்.பி. டி" என்பாள். சூப்பர்வைசர் அதை ஏதோ பார்ட் நம்பர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்...

அந்த சாட் ரூமில்தான் பாலிங் பையன் வந்தான். நிஜப் பேர் தெரியாது, ஊர் பாலிங் என்பதால் அவன் வைத்திருந்த பேரே அதுதான். நான் "திகாம் குயின்"!

காதல் கீதல் எல்லாம் இல்லை. மலரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்... அவன் அம்மாவும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், என் அம்மாவும் அப்படித்தான். மழை பிடித்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை; அன்றைக்கு வீட்டில் யார் முகம் எப்படி மாறும் என்று பேசுவோம்.

ஆனால் அவனிடம் ஒரு பழக்கம். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று brb போடுவான். அதோடு சரி, ஆளே வரமாட்டான்.

நான் காத்திருப்பேன். இதோ வரேன் என்றவன் வரத்தானே வேண்டும்?

"வாடி, பஸ் போய்டும் லா!"

"இருடி, பி.ஆர்.பி. போட்டுருக்கான்."

"அவன் ஊர்ல உள்ள பொண்ணுங்க எல்லாத்துக்கும் போட்டுருப்பான். நீதான் லூசு மாதிரி உக்காந்துருக்க."

ஒரு சனிக்கிழமை மலர் ஏறிப் போய்விட்டாள். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்பா மோட்டார் சைக்கிளில் தேடி வந்து ஏற்றிக்கொண்டு போனார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் டவுனுக்கே போக வேண்டாம் என்று வீட்டில் தீர்ப்பு.

அடுத்த வாரம் கோபமாகவே கேட்டேன். போவதாக இருந்தால் gtg போடவேண்டியதுதானே?

ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"கெளம்புறப்ப போறேன்னு சொன்னா எங்கம்மா திட்டும். போய்ட்டு வர்றேன்னுதான் சொல்லணும். gtg போட கை வரல. அதான் brb."

எங்கள் வீட்டிலும் அதே கதைதானே! வாய் தவறி "போறேன்மா" என்றால் போதும், அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைப்பார். நான் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லி, அவர் "போய்ட்டு வா" என்று சொன்ன பிறகுதான் வாசலைத் தாண்டலாம்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் ஒருத்தன் அதை விடவில்லை பாருங்கள். மலர் சொன்ன மாதிரி ஆள் இல்லை இவன் என்று மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு அவன் brb போட்டால் நானும் பட்டென்று மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். அடுத்த சனிக்கிழமை சொன்ன மாதிரியே வந்துவிடுவான்.

அப்படித்தான் ஒரு வாரம் brb போட்டான்... அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வேலை மாறிப் போனானா, கல்யாணமா, வேறு ஏதாவதா... தெரியாது. எனக்கும் கல்யாணமானது. சைபர் கஃபே இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை.

இன்றைக்கு வீட்டில் என் மகள் யாழினிக்கு வேறொரு பாஷை. ரசம் வைத்தால் "மா, ரசம் ஸ்லே லா!" என்பாள்.

"நல்லாருக்கா, இல்லையா? அதச் சொல்லுடி."

நானும் விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஸ்லே என்றால் பிரமாதமாம். நடக்காததை நடக்கும் என்று நம்பிக்கொண்டு திரிந்தால் "டெலுலு"வாம். அட, இது அப்போதே இருந்திருந்தால் மலர் எனக்கு அந்தப் பேரையே வைத்திருப்பாள்!

"brb எல்லாம் இப்ப இல்லையாடி?"

"யாருமா அத யூஸ் பண்றா? ஃபோன் கையிலயே இருக்கு. நாங்கதான் எங்கயும் போறதே இல்லையே."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான்தான் சாப்பிட்ட கை காயும்வரை அதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுக்கு ஜோகூரில் காலேஜ் கிடைத்தது. முதல் தடவையாக வீட்டை விட்டு அவ்வளவு தூரம். பஸ் ஸ்டேஷனில் சிரித்த முகத்தோடு ஏற்றிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். உடனே ஃபோனில் மெசேஜ்.

"gtg ma, bus dah jalan."

பஸ் கிளம்பிவிட்டதாம், போறேன் என்று போட்டுவிட்டாள். பஸ்ஸை நிறுத்தி, பிள்ளையை இறக்கி, தண்ணீர் குடிக்கவைக்கவா முடியும்?

"அப்படி சொல்லாத. brb போடு" என்று அனுப்பினேன்.

ஒரு மண்டையோட்டுப் பொம்மை வந்தது. அதற்கு அர்த்தம் சிரிப்பாம். "அம்மா ரொம்ப கிரிஞ்ச் லா" என்று அடுத்தது, என்னால் அவளுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். கொஞ்சம் கழித்து...

"ok ok. brb."

பாலிங் பையன் கடைசியாகப் போட்டதும் அதுதான். காரை ஸ்டார்ட் பண்ணாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் "போய்ட்டு வா" என்று தமிழிலேயே தட்டி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் அத்தனை சனிக்கிழமை சொல்லிக்கொண்டு போனானே... நான் ஒரு தடவைகூட அவனுக்கு அந்தப் பதிலைச் சொன்னதில்லை.