அதிகாரியின் கால் நனையவில்லை

வைகை அணையில் தண்ணீர் ஏறினால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் வீட்டில் மட்டும் அம்மாவின் முகம் சுண்டிப்போகும். அக்காவை அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தோம். அணை கட்டியதில் இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வண்டிப்பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. கோடையில் சேறும் சகதியுமாக அது வெளியே தலைகாட்டும், நடந்தே போய்விடலாம். மழைக்காலத்தில் அணை நிரம்பிவிட்டால், கண்ணெதிரே தெரிகிற ஊருக்கு மாட்டுவண்டியில் சுற்றிப்போக ஒரு பகல் ஆகும்.

ஆரம்பத்தில் சர்க்கார் படகு ஒன்று காலையும் மாலையும் ஒழுங்காகப் போய்வந்தது. அடிப்பலகை இற்றுப்போனதும் அதைக் கரையில் இழுத்துப் போட்டதோடு சரி, ஆடுகள் அதன் நிழலில் படுத்துக் கிடந்தன. பிறகு துறையை ஏலம் எடுத்த ஒருவர் பரிசல் ஓட்டினார். தார் உதிர்ந்த பரிசல். ஏறியவர்களில் பாதிப் பேர் கொட்டாங்கச்சியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே போக வேண்டும். காற்றடித்தால் வராது, மழை பெய்தால் வராது, அவருக்கு மனசில்லை என்றாலும் வராது. அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். என் கையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கரை வந்த பிறகும், இன்னும் பாதிதான் வந்திருக்கிறோம் என்று சொல்லி அவளை ஏமாற்றுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆண்டிபட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடும் எங்கள் கரையில்தான் இருந்தது. படகைச் சரிசெய்து, சம்பளத்துக்கு ஆள் போட்டு, தினமும் விட அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். அதற்காக நடையாய் நடந்தவர் அக்காவின் மாமனார்; நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மருமகள் பத்திரமாகத் தாய்வீடு போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஆவணியில், நேரில் பார்த்துப் பணம் ஒதுக்க ஓர் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது.

எங்கள் ஆட்களின் குணம் அன்றைக்குத்தான் எங்களைக் கவிழ்த்தது. வீட்டுக்கு ஒருவர் வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜமுக்காளத்தை வாங்கி விரிக்கிறவர்கள் நாங்கள். ஓட்டைப் பரிசலிலேயே அவரை ஏற்றுங்கள், கொட்டாங்கச்சியையும் கையில் கொடுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நமக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. அவுக காலு நனைய விடலாமா?" என்றார்.

அணையோரத்து மீன்காரர்களிடம் புதிதாகத் தார் பூசிய பரிசலை இரவல் வாங்கி, உள்ளே ஜமுக்காளம் விரித்தார்கள். அதிகாரி இளநீர் குடித்துக்கொண்டே அக்கரை போய்த் திரும்பினார். காற்று நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். இருக்கிற பரிசலே போதும், அரசுப் பணம் தேவையில்லை என்று எழுதிவிட்டார். நாங்கள் காட்டியதைத்தானே அவர் பார்த்தார், அவரை என்ன சொல்ல? ஆனாலும் திட்டினேன். விவரம் தெரிந்த ஊர்க்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐப்பசியில் அணை நிரம்பியது. அம்மாவும் நானும் வண்டியில் சுற்றிப்போய் வளைகாப்புப் போட்டோம். அக்காவைக் கையோடு அழைத்து வந்திருக்க வேண்டும். பிள்ளைத்தாச்சியை அந்தக் குண்டும் குழியுமான பாதையில் குலுக்கக் கூடாது என்று அங்கிருந்த பெண்கள் தடுத்தார்கள். ஏலக்காரரின் பரிசல் அந்த மழையோடு பிய்ந்துபோயிருந்தது. காற்று அடங்கட்டும், பிள்ளைத்தாச்சியை ஏற்றப் பயமாக இருக்கிறது என்று மீன்காரர்களும் சொல்லிவிட்டார்கள். காற்று நின்றதும் நானே அனுப்பி வைக்கிறேன் என்று மாமா சொன்னார். அதை நம்பித் திரும்பினோம். காற்று நின்றபாடில்லை. அம்மா தினமும் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில், நாள் ஆகுமுன்னே அக்காவுக்கு வலி கண்டது. வேறு வழியில்லாமல் வண்டியைப் பூட்டினார்கள். மழையில் பாதை அரித்துப்போயிருந்தது. ஆண்டிபட்டிக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போதே அக்காவும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அந்த வண்டி நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. மாமா இறங்கி வந்து அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தாளு காலு நனையக் கூடாதுன்னு பாத்தேன் தாயி. எம் மருமகளக் கொண்டாந்து சேக்க முடியலயே" என்றார்.

அதற்குப் பிறகு மாமா ஊர்க் காரியம் எதற்கும் முன்னால் நிற்கவில்லை. அக்கா செத்ததைச் சொல்லி இரண்டு ஊரும் மறுபடி மனுக் கொடுத்தன. இந்தத் தடவை ஒருவரும் பார்க்க வரவில்லை. பணம் மட்டும் வந்தது.

மறுவருஷம் இரும்புப் படகு வந்தது. மழையானாலும் காற்றானாலும் நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்பியது. முதல் நாள் ஊரே ஏறிப் போய்வந்தது. நானும் போனேன். அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. அம்மா கரையிலேயே நின்றாள். ஓட்டுகிறவர், சர்க்கார் படகு ஆத்தா, பயமில்லை, ஏறி வாங்க என்று கூப்பிட்டார்.

"அங்கன நான் யாரப் பாக்கப் போக?" என்றாள் அம்மா.