கடல் கொண்டுபோன கிடுகுக் கோயில்

நேற்று கற்பிட்டியில் ஒரு ஹோட்டல் வாசலில் லொறியிலிருந்து தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே, யுத்தம் முடிந்த காலத்தில் எங்கள் மீன்வாடிக் கரையில் நின்ற சின்னக் கோயிலுக்குள் மறுபடி போய்விட்டேன். மணல் தரை, காற்றில் சரசரக்கும் கிடுகுச் சுவர், மெழுகுதிரியும் கருவாடும் கலந்த மணம், கடவுளுக்குப் பசியில்லை, நித்திரையில்லை, வயதில்லை என்று ஞாயிறுதோறும் நாங்கள் தொண்டை கிழியக் கத்திய மறைக்கல்விப் பாடம்!

அப்பா கடலில் இருந்த ஒரு காலையில் அலை பொங்கிக் கோயிலுக்குள் வந்தது. பெண்கள் ஓடிப்போய் மாதா சுரூபத்தை மட்டும் தூக்கிவர, எங்கள் கண்முன்னே கூரை சரிந்து அலையோடு போனது. நான் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, கடவுள் இப்ப தன்ர வீட்டைப் பாப்பாரா, அப்பாவைப் பாப்பாரா?"

ஈரச் சேலையைப் பிழிந்தபடி அம்மா சொன்னார்: "நாங்க மனுசர், ஒண்டைப் பாத்தா மற்றதை விட்டிருவம். அவர் அப்பிடியில்லை பிள்ளை. இங்கயும் நிப்பார், அங்கயும் நிப்பார்."

மத்தியானம் அப்பாவின் படகு தெரிந்ததும் கரை முழுக்கக் கூச்சல். இறங்கிய அப்பா வெறும் மணலைப் பார்த்துத் திகைத்தார்.

"கோயில் எங்க பிள்ளை?"

"கடல் கொண்டுபோயிட்டுது அப்பா! கடவுள் உங்களோட படகில வந்தவர்தானே?" என்று துள்ளினேன்.

"ஓம் பிள்ளை, வந்தவர்தான்" என்று அப்பா நனைந்த சாரத்தோடு அந்த மணலிலேயே முழந்தாளிட்டார்.