கோப்பைக்குள் ஒரு நாணயம்

ஆலையில் அவளை எல்லாரும் 'சிவப்பு ஸ்டிக்கர்' என்றே அழைத்தார்கள். சட்டை தைக்கும் ஆலை அது. தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவளுடைய மேசைக்கு வரும். காலர், கைமடிப்பு, பொத்தான் துளை, பையின் உட்புறம் என்று எப்போதும் ஒரே வரிசையில் விரல்களை ஓட்டிப் பார்ப்பாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், அம்பு வடிவச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினேழு ஆண்டுகளாக அதே மேசை, அதே குழல்விளக்கு.

"ஏங்கக்கா, வீட்டுக்காரர் மேலயும் ஒட்டுவீங்களா?" என்று தையல் வரிசைப் பெண்கள் கேட்பார்கள்.

"அவர் மேல ஒட்ட ஆரம்பிச்சா ஒரு கட்டு பத்தாதுடி" என்பாள்.

கணவர் தொலைதூரப் பேருந்தின் ஓட்டுநர். ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. ஊசி மருந்து ஏற ஏற முடி கொட்டியது, எடை குறைந்தது, வெள்ளை அணுக்கள் பெயரளவுக்கு மட்டும் மிஞ்சின. மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"நமக்கு ஒருநாள் வயித்துவலியோட போறது, இவரை ஆளையே கொண்டு போயிடும்மா. பழசு, வெளியில வாங்கினது, திறந்து வச்சது எதுவும் கூடாது. இன்னும் நாலு மாசம் இவரைத் தொற்று இல்லாம கொண்டு வந்துட்டீங்கன்னா பொழைச்சுக்குவார்."

நாலு மாதம். அவளோ வாரத்தில் ஆறு நாள் காலை ஏழரைக்கு வீட்டை விட்டு இறங்குபவள். தினமும் சமைக்க நேரமில்லை. இன்னொருவர் சமையலை நம்ப மனமில்லை. அதனால்தான் பழைய பொருள் கடையிலிருந்து இடுப்பளவு உயரமுள்ள ஃப்ரீசர் ஒன்று அந்த இரண்டறை வீட்டுக்கு வந்தது. சமையலறையில் இடம் இல்லாததால் படுக்கை அறையில், கட்டிலுக்கு எதிரே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டது.

அதைக் கொண்டுவந்து இறக்கிய மெக்கானிக்கை அவள் ஒரு மணி நேரம் விடவில்லை. கேள்வி கேட்டே அவரை வியர்க்க வைத்தாள்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, சுவத்துலயே நேரா சொருகுங்க. சூடா எதையும் உள்ள வைக்காதீங்க. பனி கட்டிச்சுன்னா ப்ளக்கைப் புடுங்கிட்டு, கதவைத் திறந்து வச்சு, ஒரு பாத்திரத்துல வெந்நீர் வச்சுடுங்க, தானா விழும். கத்தியால மட்டும் குத்திடாதீங்கக்கா. குழாய் ஓட்டையாச்சுன்னா கேஸ் போயிடும். அப்புறம் இது ஃப்ரீசர் இல்ல, பீரோதான்."

"நான் இல்லாதப்ப கரண்ட் போய் வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார்.

"ஒரு கோப்பையில தண்ணி ஊத்தி உறைய வைங்க. அது மேல இந்தக் காசை வச்சிடுங்க. காசு மேலயே இருந்தா உள்ள எதுவும் இளகலைன்னு அர்த்தம். அடியில கிடந்தா எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. அப்ப யோசிக்கவே யோசிக்காதீங்க, அத்தனையும் குப்பைக்குத்தான்."

அன்று முதல் அந்தக் கோப்பை மேல்தட்டின் இடது மூலையில் நின்றது. நாணயத்தை எப்போதும் எண் தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி வைப்பாள். அப்படி வைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லவில்லை. எதையும் ஒரே மாதிரி வைப்பது அவளுடைய தொழில் கொடுத்த பழக்கம். மாலையில் வீடு திரும்பியதும் கைகழுவி, முதலில் நாணயத்தைப் பார்ப்பாள். அதன் பிறகே கணவர் முகத்தை.

"எனக்கு ஜுரம் இருக்கான்னு கேக்க மாட்டியா? முதல்ல அந்தப் பெட்டிக்குத்தான் நாடி பாக்கணுமா?" என்பார் அவர்.

"அது பொய் சொல்லாது. நீங்க சொல்லுவீங்க."

ஞாயிறு முழுவதும் சமைப்பாள். இறைச்சிச் சாறு, பருப்பு, குழைய வேகவைத்த காய்கள். ஒவ்வொன்றையும் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீர் ஊற்றிய தட்டில் வைத்து விரைவாக ஆற்றி, மூடி, தேதியெழுதிய தாளை ஒட்டி அடுக்குவாள். மறுநாளைக்கு வேண்டியதை முன்னிரவே சமையலறையிலிருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவாள். மேடையில் வைத்து இளகவிட மாட்டாள். ஒருமுறை இளகியது மறுபடி ஃப்ரீசருக்குள் போனதே இல்லை. கதவின் ரப்பர் பட்டையைச் சோப்பு நீரால் துடைத்து, ஒரு தாளை இடுக்கிக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்ப்பாள். மூன்றாம் மாதத்தில் கீழ்மூலையில் தாள் தடையின்றி உருவிக்கொண்டு வந்தது. மெக்கானிக்குக்குத் தொலைபேசினாள். புது ரப்பர் வரப் பத்து நாளாகும் என்றார்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் வேறோர் ஊரிலிருந்த தங்கைக்குப் பிரசவம் சிக்கலானது. தங்கையைப் பார்க்க ஆலையில் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். திரும்பி வந்ததும் அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே புறப்படும் முன்பே இரண்டு வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்தாள். விடியற்காலை தொடங்கி மாலைவரை அடுப்படியில் நின்றாள். முடித்தபோது முப்பத்தொரு டப்பாக்கள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலில் படுத்தபடி அவர் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஊரில் இல்லாத வியாழன் மாலை காற்றோடு மழை பெய்தது. தொலைபேசியில் கேட்டாள்.

"கரண்ட் இருக்கா?"

"போச்சு, வந்துடுச்சு. நீ உன் தங்கச்சியைப் பாரு."

ஞாயிறு விடியலில் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆலைக்குக் கிளம்ப வேண்டும். கைகழுவி, ஃப்ரீசரைத் திறந்தாள். டப்பாக்கள் கல்லாக உறைந்திருந்தன. நாணயம் பனியின் மேலேயே இருந்தது. ஆனால் எண் இருக்கும் பக்கம் தெரியவில்லை. மறுபக்கம் மேலே தெரிந்தது.

"என்னங்க, காசு திரும்பிக் கிடக்கு?"

"மூணு நாளா ஒரே பக்கம் படுத்தா அதுக்கும் முதுகு வலிக்காதா? புரண்டு படுத்திருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு இரவு தூங்காத களைப்பு. ஒருவேளை, போகிற அவசரத்தில் தானே மாற்றி வைத்திருக்கலாம் என்று நினைத்தாள். கதவைச் சாத்தினாள். அன்று மதியத்துக்கான டப்பாவை எடுத்துச் சூடாக்கி, வெப்பக்குடுவையில் மூடி வைத்துவிட்டு ஆலைக்குப் போனாள்.

முன்னிரவு அவரோடு சேர்ந்து சாப்பிட்டிருந்த அவளுக்குச் செவ்வாய் பிற்பகல் ஆலையில் இருக்கும்போதே வயிற்றுவலி வந்தது. வீட்டுக்கு வந்தபோது கணவர் கட்டிலின் விளிம்பில் குனிந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஏறும்போது தற்செயலாகச் சொன்னாள்:

"பாவம், ஒண்ணரை நாளா ஃபேன்கூட இல்லாம கிடந்தார். அதுல வந்த ஜுரமா இருக்கும்."

அவள் கைப்பிடியைப் பற்றியபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணரை நாளா?"

"வியாழக்கிழமை போனது சனிக்கிழமை காலையிலதானே வந்துச்சு. கம்பமே சாஞ்சிருச்சே. அவர் சொல்லலையா?"

மருத்துவமனையில் குழாய்களுக்கு நடுவே கிடந்தவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார்.

"சனிக்கிழமை திறந்து பாத்தேன். தண்ணியாப் போயிருந்துச்சு. காசு அடியில கிடந்துச்சு."

"பேசாதீங்க."

"டப்பா எல்லாம் தொளதொளன்னு இருந்துச்சு. ஆனா மோந்து பாத்தேன், ஒரு வாடையும் இல்ல. காசை எடுத்துத் தனியா வச்சிருந்து, தண்ணி மறுபடி உறைஞ்சதும் மேல வச்சுட்டேன்."

தண்ணீருக்குள் விரலை விட்டு நாணயத்தை எடுத்து, தண்ணீர் மீண்டும் உறையும்வரை காத்திருந்து, அதன்மேல் அதை வைக்க அவர் எத்தனை முறை கட்டிலிலிருந்து எழுந்திருப்பார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

"ஏங்க அப்படிச் செஞ்சீங்க?"

"நீ பாத்தா அத்தனையும் கொட்டிடுவே. கொட்டிட்டு மறுபடி நாள் பூரா அடுப்புகிட்ட நிப்பே. உன் கால் கால் மாதிரியா இருந்துச்சு? எனக்கு மனசு வரலை."

"உங்களுக்காகத்தானே நின்னேன்" என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். "நீ கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும். உன்னைச் சிரிக்க வச்சுட்டேன்."

அவள் அவருடைய கையைத் தடவிக்கொண்டேயிருந்தாள். கேட்டதோடு நான் விட்டிருக்கக் கூடாது என்று சொல்ல நினைத்தாள். சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அதைக்கூட அவள் செய்யவில்லை. ஆறாம் நாள் காலை, செவிலியர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் இறந்தார். சிகிச்சை முடிய இன்னும் மூன்று வாரமே இருந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள், சொன்ன நாளுக்குச் சில நாள் பிந்தி, மெக்கானிக் புது ரப்பரோடு வந்து வாசலில் நின்றார். செய்தி தெரியாமல் வந்திருந்தார். விஷயம் அறிந்ததும் ரப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பப் போனார்.

"மாட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

"இப்ப எதுக்குக்கா?"

"லூசா இருக்குன்னு சொன்னேனே. மாட்டுங்க."

அவர் மாட்டினார். அவள் தாளை இடுக்கி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவர் போன பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, மிச்சமிருந்த இருபத்து நாலு டப்பாக்களையும் வெளியே எடுத்தாள். ஒவ்வொரு தாளிலும் தேதியின் மை கசிந்து நீலக் கறையாகப் பரவியிருந்தது. ஞாயிறு விடியலில் ஒரே ஒரு டப்பாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால் போதும். அந்த டப்பாவை அவள் எடுக்கத்தான் செய்தாள். சூடாக்கவும் செய்தாள். தாளைப் பார்க்கவில்லை.

அனைத்தையும் இரட்டைப் பைகளில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். உட்புறத்தைச் சோடா உப்பு கரைத்த நீரால் துடைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க இடுக்கில் துணியை மடித்து வைத்துக் கதவைச் சற்றே திறந்துவிட்டாள். கோப்பையை மட்டும் மேசைமேல் வைத்து எதிரே உட்கார்ந்தாள். பனி ஓரங்களில் இளகியது. நாணயம் சாய்ந்தது. முற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த பிறகு அது மெல்லச் சரிந்து, அடியில் போய் ஓசையின்றித் தங்கியது. எழுந்து போய் முகம் கழுவினாள்.

பதினாறாம் நாள் ஆலைக்குத் திரும்பினாள். யாரும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கவில்லை. முற்பகலில் ஒரு சட்டையின் உட்பையில் ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளினாள். வண்டி ஏற்றும் அவசரத்திலிருந்த மேற்பார்வையாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உள்பக்கம்தானேம்மா. இதை யார் பாக்கப் போறா? விட்டுடுங்க."

"நான் பாத்துட்டேன் சார்" என்றாள்.

அவர் ஸ்டிக்கரைப் பிய்க்கக் கையை நீட்டினார். அவள் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.