என் லென்ஸுக்கு மிக அருகில் வந்த முக்குளிப்பான்

ஜனவரி கடைசியில் என் கணவருக்கு ஓய்வு. முப்பத்தொரு வருட ஷிப்ட் முடிகிறது. பிப்ரவரி முதல் வாரம் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்தில் மகன் வீட்டுக்குப் போகிறோம். கூடத்தில் பதினேழு அட்டைப்பெட்டிகள் தயார். கேமராவை மட்டும் நான் உள்ளே வைக்க விடவில்லை. எட்டு வருடமாகப் பறவைப் படம் எடுக்கிறேன். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும் முக்குளிப்பானை அதன் கண் மட்டத்திலிருந்து ஒரே ஒரு படம், அது மட்டும் அமையவில்லை. அது இல்லாமல் இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அது கிடைத்தாலும் மனம் வரப்போவதில்லை.

முக்குளிப்பானைத் தெரியாதவர்களுக்காக: உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருக்கும் குட்டி நீர்ப்பறவை. கேமராவைத் தூக்கினால் போதும், முங்கிவிடும். அப்புறம் வேறெங்கோ தலை நீட்டி நம்மைக் கேலி செய்யும்.

இந்த ஊரில் எங்கள் கடைசிக்கு முந்தைய சனிக்கிழமை காலை 5.05க்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். கணவரும் வந்தார், அதிசயம்தான். வடலூரில் தைப்பூசத்துக்குக் கடை போட மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். டீ இரண்டு, போண்டா இரண்டு, 50 ரூபாய். அங்கிருந்து சேத்தியாத்தோப்பு சாலையில் போய் வாலாஜா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது மணி 5.55. வீட்டிலிருந்து மீட்டரில் 23 கிலோமீட்டர். சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் வந்து சேர்வதால் கோடையிலும் இந்த ஏரியில் பறவை இருக்கும். கணவர் வேலை பார்த்தது அந்தத் தண்ணீர் இறைக்கும் பிரிவில்தான். உன் பறவைக்கெல்லாம் நான்தான் தண்ணி காட்டினேன் என்று இத்தனை வருடமாக என்னிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இப்போது தொழில் ரகசியம். கரைமேல் நின்று எடுத்தால் பறவை தண்ணீரில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். எப்போதாவது கூட வந்தால் என் கணவர் போனில் அப்படித்தான் எடுப்பார், நானும் திட்டிக்கொண்டே இருப்பேன். கீழே படுத்து, லென்ஸ் தண்ணீரை உரசுகிற மாதிரி வைத்தால்தான் அதன் கண்ணுக்கு நேராக நாம் இருப்போம். பின்னால் இருக்கும் குப்பை, கரை, கரண்ட் கம்பம் எல்லாம் மங்கிப்போகும். அதற்கு விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். என் கல்யாணச் சீர்வரிசைத் தாம்பாளத்தைச் சேற்றில் வைத்து, அதன்மேல் பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பை, அதன்மேல் கேமரா. தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். அந்தப் பயறை அப்புறம் யாரும் சாப்பிடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கிழக்குக் கரையில், சூரியன் முதுகுப்பக்கம் வருகிற மாதிரி, கோரைப்புல் ஓரம் குப்புறப் படுத்தேன். ஈரம் சுடிதாரைத் தாண்டி வயிற்றைத் தொட்டது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் வந்தன, போயின. முக்குளிப்பான் தூரத்திலேயே இருந்தது, முதுகில் குஞ்சுகளோடு. இன்னும் பத்து நாளில் நான் இங்கே இருக்கமாட்டேன், இது மட்டும் இப்படியே முங்கி முங்கி எழுந்துகொண்டிருக்கும்.

ஏழு மணிவாக்கில் எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் நான் மயங்கிக் கிடப்பதாக நினைத்துப் பதறிவிட்டார். முக்குளிப்பானைப் படம் எடுக்கிறேன் என்று தலையைத் திருப்பாமலே சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதுக்கா இப்படிச் சேத்துல படுத்துகினு கிடக்கறீங்க? சரி, எழுந்துக்காதீங்க. நீங்க அசையலன்னா அதுவே வரும்" என்றார்.

அசையவில்லை. கழுத்து மரத்துப்போனது. 7.40க்கு அது வந்தது. நீந்தி நீந்தி நேராக என்னை நோக்கியே வந்தது. நாலு மீட்டரில் நின்றது. ஒரு குஞ்சு தண்ணீரில் விழுந்து மறுபடி முதுகில் ஏறியது. அப்போதே எடுத்திருக்கவேண்டும். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று பேராசைப்பட்டேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்தது. இரண்டு மீட்டர், ஒன்றரை, ஒன்று. பட்டனை அழுத்துகிறேன், லென்ஸ் உர்ரென்று முன்னும் பின்னும் ஓடுகிறது, எல்லாம் மங்கல். இரண்டரை மீட்டருக்குள் வந்த எதையும் என் லென்ஸால் தெளிவாகப் பார்க்க முடியாது. பின்னால் நகர்ந்தால் பறவை போய்விடும்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். ஒரு குஞ்சு தாயின் இறகுக்குள்ளிருந்து வரிவரித் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எட்டு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நான் எதையும் பார்த்ததில்லை. அப்புறம் அவை கோரைக்குள் போய்விட்டன, நான் அங்கேயே படுத்து அழுதேன்.

கரையேறியதும் கணவர் போனை நீட்டினார். மேலிருந்து எடுத்த படம்தான். சேற்றில் நான் முதலை மாதிரி கிடக்கிறேன், எதிரே புள்ளியாக முக்குளிப்பான், பின்னால் ஏரி முழுக்க.

"எட்டு வருஷமா இந்த ஏரிக்கு வர்ற. நீ இருக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்ல. அதான் எடுத்தேன்" என்றார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஏரிக்குக் கட்டணம் கிடையாது, எங்களுக்குப் பெட்ரோல் 120 ரூபாய் ஆனது. வடலூர்–சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலும் வரலாம். மாற்றுத்துணி, தண்ணீர் கட்டாயம். கூட்டுக்கு அருகில் படுக்காதீர்கள். உங்கள் லென்ஸுக்குக் குறைந்தது எவ்வளவு தூரம் வேண்டும் என்று வீட்டிலேயே அளந்துவிட்டு, நீர் விளிம்பிலிருந்து அவ்வளவு பின்னால் தள்ளிப் படுங்கள். நாலு மீட்டரில் வந்தால் உடனே எடுங்கள்.

கூட வருகிறவரிடம் போனைக் கொடுத்துக் கரைமேல் நிற்கச் சொல்லுங்கள். என் கணவர் எடுத்த அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுப் பதினெட்டாவது பெட்டியில், துணிகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். தாம்பரத்தில் முதலில் அதைத்தான் பிரிப்பேன்.