கண்ணாடியில் ஒரு கை

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பேய்வீட்டுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பேய்ப்படங்களுக்கு அறை ஜோடிப்பது அவர் தொழில். நாலு ஒட்டடையைத் தொங்கவிட்டால் பேய்வீடு ஆகிவிடும் என்று நினைக்கிற ஆட்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒட்டடை இருந்தா வீட்டைப் பெருக்கலைன்னு அர்த்தம்யா. அதுல என்ன பயம் வேண்டிக்கிடக்கு?" என்பார்.

அவருக்குத் துப்புரவான அறைதான் வேண்டும். கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு சாண் விட்டு வைப்பார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போடுவார். விளக்கை எடுத்துத் தரையில் வைப்பார். நிழல் ஆளை விடப் பெரிதாகச் சுவரில் ஏறும். கடைசியாகக் கிளிசரினில் பவுடரைக் குழைத்துக் கண்ணாடியில் ஒரு குழந்தையின் கைத்தடம் பதிப்பார். தியேட்டரே வீல் என்று கத்துகிற இடம் அதுதான். காமிரா பார்க்காத இடத்தை மட்டும் தொடவே மாட்டார். கட்டிலுக்கு அடியில் குப்பை மலையாகக் கிடந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஏழு வயது மகளிடம் போனில்தான் பேச்சு. "இன்னிக்கு என்னப்பா பயம் செஞ்ச?" என்று அவள் கேட்பாள். அவர் ஒன்றுவிடாமல் சொல்லுவார். அந்தப் பிள்ளை காய்ச்சலில் படுத்து நாலாம் நாள் கண்ணை மூடியபோதும் மனுஷன் எங்கேயோ ஒரு பங்களாவில் திரைச்சீலை கட்டிக்கொண்டிருந்தார். வந்து முகம் பார்த்தார், அவ்வளவுதான். என்ன கொடுமை இது!

மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. மனைவி தினமும் மத்தியானம் பாப்பாவின் அறைக்குள் போவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், வெளியே வருவாள். ஒருநாள் சொன்னாள்: "உள்ள போனாலே நெஞ்சை அடைக்குதுங்க. இந்த வீட்டுல இனி என்னால இருக்க முடியும்னு தோணலை. அக்கா வீட்டுக்கே போயிடறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்த ஒன்றும் போய்விட்டது, இனி இவளும் போனால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அன்றைக்குத்தான் அந்த அறையைத் தொழில்காரர் கண்ணோடு பார்த்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. மேஜை விளக்கு தரையில். கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு சின்னக் கைத்தடம். அட கடவுளே, இதைப் பார்த்தால் யாருக்குத்தான் நெஞ்சை அடைக்காது! பயத்தை உள்ளே வைக்கத் தெரிந்தவனுக்கு வெளியே எடுக்கத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் அக்காவைப் பார்க்கப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தார். கதவை அகலத் திறந்தார். நாற்காலியை ஜன்னலுக்குத் திருப்பினார். விளக்கை மேஜைக்கு ஏற்றினார். மஞ்சள் திரை போட்டார். கண்ணாடியை ஈரக் காகிதத்தால் பளபளவென்று துடைத்தார். தள்ளி நின்று பார்த்தால், சந்தோஷமான வீட்டின் அறை.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நேரே கண்ணாடியிடம் போனாள்.

"இங்க இருந்த கை எங்கங்க?"

"தொடைச்சிட்டேன்மா. நீ பயப்படுறியேன்னு..."

"பயமா? எம்புள்ள கையைப் பார்த்தா எனக்குப் பயம்? தினமும் அதுமேல கை வெச்சிட்டுத்தானே வருவேன்."

அவள் காலையில் கிளம்புவதாகச் சொன்னாள். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

அவர் இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும், அவள் குளிக்கப் போன சமயம் பார்த்துக் கிளிசரின் டப்பாவைத் திறந்தார். எத்தனை படத்துக்குச் செய்த கை! அதே உயரம், அதே அளவு, விரல் நுனியில் லேசான இழுப்பு. அவர் ஆயுசில் அவ்வளவு அச்சாக ஒரு கை வந்ததில்லை.

அவள் வந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் உயிர் வந்தது. இடது கையைத் தூக்கிப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்படியே நிறுத்தினாள்.

"கட்டைவிரல் அந்தப் பக்கமா இருக்கு. பாப்பா இடது கைக்காரிங்க."

அவர் பெற்ற பெண். எந்தக் கையால் எழுதுவாள், எந்தக் கையால் சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. துடைத்தபோதும் எந்தக் கை என்று பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாம போச்சே! வேற என்னல்லாம் தெரியாது எனக்கு? சொல்லும்மா."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"இந்த ரூமை யாரு அப்படி வெச்சதுன்னு நினைச்சீங்க? நாற்காலியை, விளக்கை? அவதான். நீங்க போன்ல சொன்னதையெல்லாம் பார்த்துப் பார்த்து வெச்சா. முகத்துக்குப் போடுற கிரீமைக் கையில அப்பிக் கண்ணாடியில பதிச்சா. உடம்பு அனலா கொதிக்குது, படுடின்னா கேக்கலை. அப்பா வந்து கதவைத் தள்ளினதும் கட்டிலுக்கு அடியில இருந்து கத்தணும்னு இருந்தா."

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நேற்று அவர் தொடாத இடம் அது ஒன்றுதான். அங்கே, கதவைப் பார்த்தபடி, அவளுடைய சின்னத் தலையணை கிடந்தது.